கேள்விப்படாத கம்பெனி பேஸ் கிட்டார்: காரைக்குடிப் பக்கத்துப் புதியவர்கள் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பாட்டுக்கு அடித்தொனி கொடுக்கும் நாலு கம்பி பேஸ் கிட்டார் வாங்கலாம் என்று இறங்கும் எவருக்கும் முதல் நாளே ஒரு குழப்பம் வரும். பேர்பெற்ற கம்பெனியில் ஆரம்ப மாடலே இருபதாயிரம் பக்கத்தில் நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, அச்சு அசலாக அதே உருவத்தில், வாயில் நுழையாத பேரோடு இன்னொன்று பாதி விலைக்குக் கிடக்கிறது. சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கப் போகும் பையன், காலேஜ் பேண்டில் சேரப் போகும் பெண், இத்தனை வருஷமாகக் கீபோர்டுக்காரரின் இடது கையை நம்பியே மேடை ஏறும் திருவிழா இன்னிசைக் குழு, எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “அந்தக் கம்பெனி நல்லதா?”

கம்பெனியைப் பற்றிக் கேட்டால் இதற்கு உருப்படியான பதில் கிடைக்காது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பீஸ் நல்லதா என்றுதான் கேட்க முடியும். விலை குறைந்த பேஸ்களில் பெரும்பாலானவை ஒப்பந்த ஆலைகளில் செய்யப்படுபவை. தலையில் ஒட்டும் பெயர் ஆர்டர் கொடுத்தவருடையது. பெரிய பெயர்களும் இதற்கு விலக்கில்லை. இந்தோனேசியாவில் கோர்ட் நிறுவனத்தின் ஆலை, தன் பெயரில் செய்வதோடு ஸ்குவையர், ஐபனீஸ் போன்ற பெயர்களுக்கும் கிட்டார்கள் செய்து கொடுத்திருக்கிறது. பெரிய பெயருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, பெட்டியில் போடுமுன் ஒருவர் எடுத்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கும் வேலைக்குப் போகிறது. மலிவான பெயரில் அந்த வேலையை உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். செய்யத் தெரிந்தால் லாபம் உங்களுக்கு.

பார்க்கும் வரிசை முக்கியம். முதலில், பிறகு சரிசெய்யவே முடியாத குறை. அடுத்து, செலவு வைக்கும் குறை. கடைசியாகச் சில்லறைக் குறை. சத்தம் எல்லாவற்றுக்கும் பிறகு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் ஆம்ப்பில் சொருகி, நெஞ்சு அதிர ஒரு தட்டுத் தட்டியவுடன் மனசு விழுந்துவிடும். அப்புறம் நெக் (இடது கை பிடிக்கும் நீளக் கழுத்து மரம்) வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

எங்கே, எப்போது, எதோடு

நாலைந்து பேஸ் வரிசையாக மாட்டியிருக்கும் கடை வேண்டுமென்றால் காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போவது நல்லது. இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வேலைநாள் காலையில் போங்கள். முகூர்த்த நாளில் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது, திரும்பும்போது நாலடி நீளப் பையை எங்கே வைப்பீர்கள்? கையோடு எடுத்துப் போக வேண்டியவை: பேஸின் தலையில் கவ்விச் சுருதி காட்டும் ட்யூனர், ஸ்டீல் ஸ்கேல், அளவு டேப், ஒரு விசிட்டிங் கார்டு, தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய நல்ல கேபிள். போனில் ட்யூனர் ஆப் இருந்தாலும் அதன் மைக்குக்கு அடிக் கம்பியின் (தடித்த ஈ கம்பி) சுரம் பல நேரம் பிடிபடாது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட்; தலைப்பக்கமிருந்து எண்ணுங்கள்) நேர் மேலே விரலை லேசாக வைத்து, அழுத்தாமல் மீட்டினால் பிடித்துக்கொள்ளும்.

கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள்: “அண்ணே, இதே மாடல்ல ரெண்டு மூணு பீஸ் இருந்தா எல்லாத்தையும் இறக்கிக் குடுங்க, பாத்துட்டு ஒண்ண எடுத்துக்கிறேன்.” “எல்லாம் ஒண்ணுதான் தம்பி” என்பார். இல்லை. இந்த விலையில் ஒரே பெட்டியில் வந்த இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம். மூன்றையும் இறக்கித் தருகிற கடைக்காரரிடம் நூறு இருநூறு அதிகம் கொடுத்தாலும் தகும்.

ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பக் கடைசி நாள் எது, யார் கூரியர் செலவு கொடுப்பது என்பதை ஆர்டர் போடுமுன் படியுங்கள். கீழே சொல்லும் சோதனை அத்தனையும் உங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

நீளமும் ஃப்ரெட்டின் இடமும்

சாதாரண பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். 1951இல் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் வந்தபோது வைத்த அளவு; இன்றைக்கும் பெரும்பாலோர் அதையே வைத்துக்கொள்கிறார்கள். 30 அங்குலத்தில் குட்டை மாடலும் உண்டு. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைக் கட்டைக்கு நட் என்று பேர். அதன் உள்விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் நடு வரை டேப் பிடியுங்கள். 34 அங்குல பேஸில் 432 மில்லிமீட்டர் வர வேண்டும், குட்டையில் 381.

பிறகு ட்யூனரை மாட்டி, ஈ, ஏ, டி, ஜி என்று நாலு கம்பியையும் சுருதி சேர்த்து, ஒவ்வொரு கம்பியிலும் 12ஆம் ஃப்ரெட்டில் முதலில் விரலை லேசாக வைத்து மீட்டுங்கள், அடுத்து அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். அழுத்தும்போது சுரம் ஏறினால், உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கினால் முன்னுக்கு. ஸ்குரூ டிரைவர் வேலைதான், பயப்பட வேண்டாம். ஆனால் சாடில் ஏற்கெனவே பின்கோடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அப்போதும் சுரம் ஏறுகிறது என்றால் பிரிட்ஜையே தப்பான இடத்தில் அடித்திருக்கிறார்கள். அதை வைத்துவிட்டு அடுத்த பீஸை எடுங்கள்.

12இல் சரியாக இருந்து, 1, 2, 3ஆம் ஃப்ரெட்டுகளில் மட்டும் சுரம் ஏறுகிறதா? நட் உயரமாக இருக்கிறது. மலிவு பேஸ்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய குறை இது. கை பழகினவர் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் அராவினால் தீர்ந்துவிடும்.

நெக்

முழுச் சோதனையில் பாதி நேரத்தை இங்கே செலவழியுங்கள். நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட அளவுக்கு இந்த மரத்தை இழுக்கின்றன. அதற்கு எதிராக உள்ளே ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது, அதுதான் ட்ரஸ் ராட்.

பேஸை உடம்புப் பக்கத்திலிருந்து துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் நீளவாட்டில் பாருங்கள். லேசாக முன்பக்கம் குழிந்திருந்தால் நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ஓரம் ஒரு வளைவும் மறு ஓரம் வேறு வளைவுமாக இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ட்ரஸ் ராடால் வளைவைச் சரிசெய்யலாம். முறுக்கை எதுவும் செய்ய முடியாது. அந்தப் பீஸில் இதற்குமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

குழிவு எவ்வளவு? அடிக் கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்தில் வலது கையாலும் அழுத்திக்கொள்ளுங்கள். நடுவில், 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் சந்து இருந்தால் போதும். கூட வந்தவரை அதில் விசிட்டிங் கார்டை நுழைக்கச் சொல்லுங்கள். உரசிக்கொண்டு போனால் சரி. சந்தே இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று கார்டு போகிற அளவுக்கு இருந்தாலும் கடைக்காரரிடம் ட்ரஸ் ராடைத் திருகும் ஆலன் கீயை எடுக்கச் சொல்லி, “கால் சுத்து திருப்பிக் காட்டுங்கண்ணே” என்று சொல்லுங்கள். வலப்பக்கம் திருப்பினால் நெக் நிமிரும், இடப்பக்கம் திருப்பினால் தளரும். திருகி முடித்துக் கார்டை நுழைத்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். திருப்பவே முடியவில்லை, அல்லது திருப்பியும் ஒன்றும் நகரவில்லை என்றால் வேண்டாம். கடைக்காரர் திருப்ப மறுத்தால் அந்தப் பீஸைப் பற்றி அவருக்கே ஏதோ தெரிந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கம்பிகள் நெக்கின் நடுவில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஜி கம்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டு, அழுத்தினால் வழுக்கி வெளியே விழுந்தால் நெக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இருக்கும் நாலு ஸ்குரூவைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். அதைக் கடையிலேயே செய்துகொடுக்கச் சொல்லுங்கள்.

ஃப்ரெட்: எண்பது சுரம்

நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் கையைக் கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. உலோகம் சுருங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் மரம் எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈரமான ஊரில் செய்து, காயவைக்காமல் அனுப்பிய மரம் தை மாசம் கடையில் வழுவழுப்பாக இருந்துவிட்டு மே மாசம் உங்கள் வீட்டில் ரம்பமாகும். அராவிச் சரிசெய்யக்கூடிய குறைதான். ஆனால் தை மாசமே கீறுகிற பீஸை எடுக்காதீர்கள்.

அடுத்து, பொறுமையைச் சோதிக்கும் வேலை. நாலு கம்பி, இருபது ஃப்ரெட், எண்பது சுரம். ஒவ்வொன்றையும் அழுத்தி, ஒரே வேகத்தில் மீட்டி, முழுசாக ஒலிக்க விடுங்கள். ஆம்ப் இல்லாமல், காதைப் பக்கத்தில் வைத்து. ஒரே ஃப்ரெட்டில் நாலு கம்பியும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கலாம். எல்லா இடத்திலும் இரைந்தால் கம்பி உயரம் குறைவு, அல்லது நெக்கில் குழிவு போதவில்லை. 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். கம்பியின் அடிவிளிம்பு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் புதியவர் கைக்கு வசதி.

ஜி கம்பியில் 5, 6, 7ஆம் ஃப்ரெட் பக்கம் ஏதாவது ஒரு சுரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப்போவதைக் கவனிப்பீர்கள். அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். இப்படி ஸ்குரூவால் மாட்டிய மர நெக் உள்ள லட்ச ரூபாய் பேஸிலும் அது இருக்கும். நெக் மரத்தின் அதிர்வு அந்தச் சுரத்தைத் தின்றுவிடுகிறது.

காரைக்குடி வீணைக்குப் பேர்போன ஊர் என்பதால், “வீணைக்கு மேளம் கட்டுகிற, அதாவது மெட்டு பொருத்துகிறவரிடம் காட்டி ஃப்ரெட்டைச் சரிபண்ணிக்கலாமா?” என்று கேட்டவர்கள் உண்டு. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகை இளக்கிச் சுரத்துக்குத் தகுந்தாற்போல் நகர்த்தி வைப்பார்கள். இங்கே ஃப்ரெட்டை மரத்தில் வெட்டிய காடியில் அடித்து இறக்கியிருக்கிறார்கள். நகராது. கைத்திறமை பெரியதுதான், வேலை வேறு.

தோளில் மாட்டிப் பாருங்கள்

உட்கார்ந்து பார்த்தது போதும். ஸ்ட்ராப் கேட்டு வாங்கி மாட்டி, இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். தலைப்பக்கம் சரசரவென்று தரையைப் பார்த்து இறங்கினால், வாசிக்கும்போதெல்லாம் இடது கை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பு மரம் லேசாகவும் தலையில் முறுக்காணிகள் கனமாகவும் இருந்தால் இப்படி ஆகும். சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் ஓரளவு பிடிக்கும், முழுசாகத் தீராது. மொத்த எடை 4 கிலோவை ஒட்டி இருக்கும். கோயில் திருவிழாக் கச்சேரி ராத்திரி பத்துக்குத் தொடங்கி எப்போது முடியும் என்று யார் சொல்ல முடியும், அரைக் கிலோ வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

சின்னக் கை உள்ளவர்கள் நட் அகலத்தைப் பாருங்கள். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸ் மாதிரியில் 38 மில்லிமீட்டர், பிரிசிஷன் மாதிரியில் 41ஐ ஒட்டி. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முதல் ஃப்ரெட்டில் விரலை விரித்தால் புரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 30 அங்குலக் குட்டை பேஸ் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது சொருகுங்கள்

உங்கள் கேபிள், பேஸ் ஆம்ப். ஆம்ப்பில் எல்லாக் குமிழும் நடுவில். சாதாரண கிட்டார் ஆம்ப்தான் இருக்கிறது என்றால் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். வீட்டு ஹோம் தியேட்டரில் சொருகி ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் கிழிந்துபோகலாம்.

குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் சில்லறைக் குறை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். கேபிளை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது, அதுவும் சில்லறைதான். பின்னால் 9 வோல்ட் பேட்டரி போடும் மாடலாக இருந்தால், கேபிளைச் சொருகியதும் உள்ளே சுவிட்ச் ஆகிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் பேட்டரி காலி.

‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். கம்பியில் கை வைத்ததும் குறைந்தால் பேஸுக்குள் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது. கை வைத்ததும் கூடினால் உள்ளே ஏதோ வயர் மாறியிருக்கிறது. ஜாஸ் மாதிரியில் இரண்டு பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வால்யூமையும் முழுசாக வைத்தால் இரைச்சல் வெகுவாகக் குறைய வேண்டும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும் ஏற்பாடு அது. குறையவில்லை என்றால் சுற்றில் கோளாறு.

வீட்டுக்கு வந்த பிறகு: வளவு காதை ஏமாற்றும்

செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றமும் கூடமுமான நடுப்பகுதியில், பேஸ் சோதிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற பிரச்சினை இது. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடியாகத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவே தேக்குத் தூண்கள். விரிப்பு கிடையாது, திரை கிடையாது. பட்டாலையில் உட்கார்ந்து ஒரு சுரம் தட்டினால் அது சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். மட்டமான பேஸும் அங்கே மகா கம்பீரமாக ஒலிக்கும். உள்ளிருந்து ஆச்சி வந்து “என்னப்பா, இடி இடிக்குதா?” என்று கேட்டால் பேஸைப் பாராட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டைத்தான் பாராட்டுகிறார்.

சின்ன அறைக்குப் போனால் வேறு ஏமாற்று. அடி ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் காற்றில் 8.3 மீட்டர். அதில் பாதி, சுமார் 14 அடி. உங்கள் அறை நீளவாக்கில் 14 அடி என்றால் அந்த ஒரு சுரம் அறையோடு ஒத்துக்கொண்டு வீங்கும். சுவரோரம் நின்றால் காது அடைக்கும், நட்டநடுவில் நின்றால் அதே சுரம் காணாமலே போகும். “ஈ கம்பி அடிக்குது, மத்தது எடுபடலை, பீஸ் சரியில்லை” என்று திருப்பி அனுப்பப் பெட்டி கட்டும்முன் ஆம்ப்பை மொட்டை மாடிக்கோ, மேலே வானம் திறந்த நடு முற்றத்துக்கோ கொண்டுபோய் வாசித்துப் பாருங்கள். மாடி உத்தமம்; எதிரொலிக்கச் சுவரே இல்லை. முடியாவிட்டால் ஆம்ப்பில் ஹெட்போன் சொருகிக் கேளுங்கள். அங்கேயும் ஒரு கம்பி தாழ்ந்து ஒலித்தால் அந்தப் பக்கம் பிக்கப்பை ஸ்குரூவால் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகும். உயர்த்தியும் மாறாவிட்டால்தான் பீஸில் குறை.

பழைய வீடுகளில் இன்னொன்று: இரண்டு துளை பிளக் பாயிண்ட். எர்த் இல்லாத இணைப்பில் ஆம்ப்பைப் போட்டால் இரைச்சல் கூடும், அதைவிட மோசமாக, கம்பியைத் தொட்ட கை சுருக்கென்று இழுக்கும். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் இணைப்பிலும் இதே ஆபத்து. கம்பியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதடு பட்டதும் சுர்ரென்றால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடாமல் மறுபடி சொருகாதீர்கள். இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

கணக்கு

விலையை மட்டும் பார்த்து மலிவு என்று சொல்லாதீர்கள். பெட்டியோடு வரும் கம்பி பெரும்பாலும் மந்தமாகத்தான் இருக்கும். நல்ல பேஸ் கம்பி செட் ஆயிரத்துக்கு மேல்தான். தெரிந்தவரிடம் கொடுத்து நெக், உயரம், நட் எல்லாம் சரிபண்ணக் கூலி, மதுரை போய்வரச் செலவு, பை, ஸ்ட்ராப். எல்லாவற்றையும் பேஸ் விலையோடு கூட்டுங்கள். அந்தத் தொகைக்கு யமஹா, ஐபனீஸ் மாதிரி ஒன்று பழசாக, நல்ல நிலையில் கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழசுக்குப் போவேன். காரணம் சத்தம் கிடையாது. கேள்விப்படாத பெயரை இரண்டு வருஷம் கழித்து விற்கப் போனால் கேட்க ஆள் இருக்காது. ஆனால் பழசு கிடைக்காத ஊரில், மேலே சொன்ன சோதனைகளைத் தாண்டிய புதுப் பீஸ், கேள்விப்படாத பெயரானாலும், முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குத் தாராளமாகப் போதும்.

முதல் வாரம்

பெட்டியைப் பிரித்த கையோடு தீர்ப்பு சொல்ல வேண்டாம். கூரியர் வேனின் சூட்டிலிருந்து வந்த மரம் வீட்டுக் காற்றுக்குப் பழக ஒரு நாள் விடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். ராத்திரி கம்பியைத் தளர்த்தி வைக்கும் பழக்கமும் வேண்டாம். அந்த இழுப்பில் இருந்தால்தான் நெக் ஒரு நிலைக்கு வரும். மூன்றாம் நாள் விசிட்டிங் கார்டு சோதனையையும் எண்பது சுரத்தையும் மறுபடி செய்யுங்கள். முதல் நாள் இல்லாத இரைச்சல் இப்போது வந்தால் நெக் நகர்ந்திருக்கிறது. ட்ரஸ் ராடின் கால் சுற்றில் அடங்கினால் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி, தெர்மாகோல், பில் எதையும் எறிய வேண்டாம். குறை என்று புகார் கொடுத்தும் விற்றவர் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பிரிக்கும்போது எடுத்த வீடியோ அப்போது பேசும்.

திருப்பி அனுப்பக் கடைசி நாளுக்கு முன்பாக ஒரு தடவையாவது குழுவோடு சேர்ந்து வாசித்துவிடுங்கள். தனியாக வாசிக்கும்போது தேன் மாதிரி இருந்த பேஸ் ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் கரைந்துபோவது உண்டு. “அண்ணே, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இடது கை பேஸை விட்டுருங்க” என்று கீபோர்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஆம்ப்பில் அடித்தொனியைக் குறைத்து நடுத்தொனியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். உங்கள் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். உங்கள் காதுக்குப் பக்கத்தில் ஆம்ப் இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. அவர் கேட்கிறது என்றால் அன்றைக்கே புதுக் கம்பி ஆர்டர் போடுங்கள். கேட்கவில்லை என்றால் நடுத்தொனியை இன்னும் ஏற்றி அதே பாட்டை மறுபடி வாசியுங்கள். அப்போதும் வரவில்லையா, தெர்மாகோலைத் தேடி எடுங்கள்.